இரத்தக் கட்டியும் வெள்ளி உருவும்



பிறந்த சில வாரத்தில் குழந்தையின் முகத்தில் சிவப்பாய்க் கிளம்பி வளரும் இரத்தக்குழாய்க் கட்டியைக் கண்டால், நம் தஞ்சைச் சீமையில் என்ன சொல்லுகிறார்கள்? தாய் கிரகணத்தில் வெளியே வந்த தோஷம் என்கிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வெள்ளி உரு நேர்ந்துகொள்ளுகிறார்கள். இக்கட்டிகளில் அநேகம் ஒரு வயதுக்குமேல் தாமாகவே சுருங்குபவை. சுருங்கினால் பெருமை சாமிக்கு. கண்ணை மறைத்துப் பார்வை கெட்டால் குற்றம் தாய்க்கு! இது என்ன நியாயம்?

2008ல் பிரான்சு தேசத்துப் போர்டோ நகர வைத்தியர்கள், இருதய நோய்க்குரிய பழைய மருந்தாகிய புரோப்ரனலால் இக்கட்டியைச் சுருக்குவதைக் கண்டு வெளியிட்டார்கள். மலிவான மருந்துதான். ஆனாலும் கடையில் வாங்கிப் புகட்டிவிடக் கூடாது. பசித்த வயிற்றில் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். டாக்டரின் பார்வை வேண்டும்.

பிறவியிலேயே அமைப்புக் கெட்ட இரத்தக்குழாய்களுக்கோ இம்மருந்து உதவாது. அவற்றில் சிலவற்றிற்குச் சிரோலிமஸ் பயன்படுகிறது. அதற்கு விலையும் அதிகம். இரத்தப் பரிசோதனைச் செலவும் உண்டு. ஆகவே எந்த நோய், எந்த மருந்து, எவ்வளவு பலன் என்று கணக்குப் பார்த்தே செலவிட வேண்டும்.

நெல் விற்கும்போது தராசைச் சரிபார்க்கும் நாம், குழந்தை விஷயத்தில் மட்டும் கணக்கை மறப்பானேன்? கட்டி வேகமாய் வளருவது முதல் ஐந்து மாதத்தில். வெள்ளிக்கு எடுத்து வைத்த காசைப் பஸ் கட்டணமாக்கி, அதற்குள் தஞ்சை இராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோங்கள்!