மாணவர் படையும் விளையாட்டுப் போட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பாறசாலைப் பக்கத்துப் பள்ளியொன்றில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தேன். தேசிய மாணவர் படைக்கும் பொறுப்பேற்றிருந்தேன். அப்படையில் விளையாட்டுப் போட்டிகளின் எதிர்காலம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். என் குறையொன்றை ஒப்புக்கொள்வதற்கும் இஃது ஏற்ற இடமென்று கருதி இசைந்தேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1946ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையை ஏற்று, 1948இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் மாணவர் படை பிறந்தது. அடுத்த ஆண்டே மாணவியர்க்கும் இடம் கிடைத்தது. 1962இல் சீனப் போர் மூண்ட பின்னர்க் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. 2020ஆம் ஆண்டு விடுதலை நாளன்று, எல்லை மாவட்டங்களிலும் கடலோர மாவட்டங்களிலும் 1 இலட்சம் பேரைப் புதிதாகச் சேர்ப்பதென்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் மாணவியராக இருப்பரென்றும் பிரதமர் அறிவித்தார். நம் திருவனந்தபுரமும் கடலோர மாவட்டமே அன்றோ?

படை பெருகுகிறது, மகிழ்ச்சி. ஆனால் விளையாட்டில் ஆடுவோர் பெருகுகின்றனரா, கைதட்டுவோர் பெருகுகின்றனரா? இதுவே என் வினா.

கால்பந்துக்குச் சுப்ரதோ கோப்பை, வளைகோற்பந்துக்கு ஜவாஹர்லால் நேரு கோப்பை, துப்பாக்கி சுடுதலுக்கு மாவ்லங்கர் போட்டி ஆகிய மூன்றிலும் மாணவர் படை தன் அணிகளை அனுப்பி வருகிறது. இப்போட்டிகள் வீண் என்று சொல்பவன் அல்லேன். மும்பைக் கல்லூரியொன்றில் மாணவர் படையில் சேர்ந்து துப்பாக்கியைக் கையிலெடுத்த அஞ்சலி பாகவத், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை சென்றார். படை கதவைத் திறந்திராவிடில் அவர் திறமை எங்கே வெளிப்பட்டிருக்கும்? ஆதலின் போட்டியை ஒழிக்க வேண்டுமென்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

நிற்க. என் குறைக்கு வருகிறேன். ஓராண்டு கால்பந்தணிக்குப் பதினொருவரைத் தேர்ந்தேன், மாற்றாட்டக்காரர் நால்வர். மற்றப் பிள்ளைகள் எல்லைக் கோட்டருகே நின்றனர். அவர்களுள் ஒருவன் நம்மைப் போலப் பிழைப்புத் தேடி இங்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் தையல் தொழிலாளர். வகுப்பில் மலையாளம் தடுமாறும். அதனால் வாய் திறவான். அணிவகுப்பில் மட்டும் நிமிர்ந்து நிற்பான். 'சாவதான்', 'விஷ்ராம்' என்னும் இந்திக் கட்டளைகள் மலையாளப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒன்றுபோலப் புதியவை அல்லவா? அங்கே அவன் யாருக்கும் இளைத்தவன் அல்லன். ஈராண்டில் ஒருநாளும் அணிவகுப்புக்கு வராதிருந்ததில்லை. சான்றிதழ் பெற்று விடைபெறும் நாளில் என்னிடம் வந்து, "ஐயா, இரண்டு வருஷமும் கைதட்டினேன். ஒரு தடவையாவது பந்தை உதைத்துவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான்.

அன்று மாலை அவனோடு நானும் பந்தாடினேன். ஆயினும் அக்கேள்வி இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. கோப்பையை எண்ணினேனே தவிர, பிள்ளைகளை எண்ணினேன் அல்லேன்.

இதற்கு வழி என்ன? வழி மாணவர் படையின் பயிற்சியிலேயே இருக்கிறது. .22 துப்பாக்கியால் சுடக் கற்பிக்கும்போது, தொடக்கத்திலேயே நடுப்புள்ளியைத் துளைக்கச் சொல்வதில்லை. ஐந்து குண்டுகளும் ஒன்றுக்கொன்று அருகே விழுகின்றனவா என்றே அளந்து பார்க்கிறோம். நான்கு குண்டுகள் ஓரிடத்தில் செறிந்து, ஐந்தாவது எங்கோ சிதறினால் அந்தக் கூட்டு நன்றன்று. அணிக்கும் அதே அளவுகோல் பொருந்தும். சிறந்தவன் எவ்வளவு முன்னே சென்றான் என்பதோடு, கடைசியில் நிற்பவன் எவ்வளவு நெருங்கி வந்தான் என்பதையும் அளக்க வேண்டும்.

இது புதுமையும் அன்று. 1907இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சாரணர் முகாம் நடத்தியபோது, சிறுவர்களை நான்கு சிற்றணிகளாகப் பிரித்தார். பின்னர்ச் சாரணர் இயக்கம் முழுவதும் அச்சிற்றணி முறையின் மீதே வளர்ந்தது. சிற்றணிகளுக்குள் போட்டி உண்டு; ஆனால் மதிப்பெண் தனியாளுக்கன்று, அணிக்கு. ஆகவே வல்லவன் மெல்லவனை ஒதுக்க மாட்டான், பயிற்றுவிப்பான்.

நம் பள்ளிகளிலும் இவ்வாறு செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்கு ஒரு விளையாட்டிலேனும் களமிறங்க வேண்டும். செலவில்லாத கபடி, கோ-கோ, கயிறிழுத்தல், நெடுந்தூர ஓட்டம் ஆகியன போதும். எல்லாரும் ஆடிய அணிக்குத் தனிப்புள்ளி தரலாம். தனித்திறன் காட்டும் பிள்ளைக்கு மேலே செல்ல வழியும் காட்ட வேண்டும். நம் மாவட்டத்திலேயே ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளி உள்ளது. 2015 தேசிய விளையாட்டுக்கென வட்டியூர்க்காவில் அமைத்த துப்பாக்கி சுடுதளமும் உள்ளது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் விளையாட்டுக்கும், மாணவர் படைக்கும், 2010இல் இம்மாநிலத்தில் தொடங்கிய மாணவர் காவல் படைக்கும் கருணை மதிப்பெண் வழங்கும் வழக்கம் உண்டு. அதனைப் பெறுவது தவறன்று. ஏழைப் பிள்ளைக்கு அது படிக்கட்டு. ஆனால் மதிப்பெண் ஒன்றையே கருதிச் சேர்த்தால், வெற்றி பெறாத பிள்ளை வீட்டிலும் தோற்றவனாகிறான். "என்ன பரிசு வாங்கினாய்?" என்று கேட்குமுன், "இன்று ஆடினாயா?" என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளிடமும் தவறாது கேளுங்கள்.

அயலூரில் வாழும் நமக்கு இது மிகவும் வேண்டற்பாலது. வகுப்பில் மொழியால் பின்தங்கும் நம் பிள்ளை, களத்தில் அண்டை வீட்டு மலையாளப் பிள்ளையின் தோளோடு தோள் நின்று ஆடுகிறான். அந்த நட்பு கோப்பையினும் நெடுங்காலம் நிற்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று இம்மேடையில் ஓட்டத்தில் வென்ற மூவர்க்குப் பரிசளித்தோம்; அவர்களுக்கு என் வாழ்த்து. அடுத்த ஆண்டு விழாவில், எல்லாப் பிள்ளைகளும் ஆடிய தெருவுக்கென ஒரு பரிசையும் சங்கம் சேர்த்து வைக்குமாறு வேண்டுகிறேன். அப்பரிசின் செலவு என்னுடையது. பல ஆண்டுகட்கு முன் கைதட்டியபடியே நின்ற ஒரு மாணவனுக்கு நான் பட்ட கடன் அது.