கழற்ற மிஷின், இறுக்கக் கை

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் பேரேடு எழுதி ரிட்டயர் ஆனவனுக்கு நட்டு போல்ட்டில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் செய்த தவற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இடுப்பு வலி வந்த பிறகு, வீல் ஸ்பேனரை மிதித்துக் கழற்ற எனக்கு முடியவில்லை. ஆன்லைனில் மலிவாக ஒரு கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கினேன். பஞ்சர் கடையில் 'கன்' என்பார்களே, அதன் பேட்டரி வடிவம். நம் பார்க்கிங்கிலேயே நான்கு டயரையும் முன்பின் மாற்றிப் போட்டு, 'டர்ர்' என்று இறுக்கிவிட்டேன். பெருமை வேறு!

அடுத்த வாரம் நெய்வேலிக்குப் போன என் மகளுக்கு மந்தாரக்குப்பத்துக்கு முன்னால் பஞ்சர். இருட்டு நேரம், பின் சீட்டில் குழந்தை. காரோடு வந்த ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் ஒரு நட்டுகூட அசையவில்லை. ஒரு லாரி டிரைவர் நீளமான பைப்பை மாட்டிக் கழற்றிக் கொடுத்தார். "யாரும்மா இப்படி இறுக்கினது?" என்று கேட்டாராம். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், எவ்வளவு பலம் வேண்டும்? ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர். நம் சின்ன கார்களின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 130 வரை போதும். உங்கள் காருக்கான சரியான அளவு கார் கையேட்டில் இருக்கும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். ஆகவே 300 அளவுள்ள கருவி வீட்டுக்குத் தாராளம். 1000 என்று போட்டதை வாங்கினால் கைக்குத்தான் கனம்.

பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது? மொத்தச் சம்பளம், கைக்கு வரும் சம்பளம் மாதிரி இதிலும் இரண்டு கணக்கு உண்டு. மகிட்டாவின் டி.டி.டபிள்யூ. 300 மாடலுக்கு இறுக்கும் பலம் 330, கழற்றும் பலம் 580. பல விளம்பரங்களில் பெரிய எண் மட்டும்தான் இருக்கும். ஒப்பிடும்போது இரண்டையும் கேளுங்கள்.

வோல்ட்டிலும் இதே கதைதான். ஐந்து செல் அடுக்கிய பேட்டரியைத்தான் ஒருவர் 18 என்பார், ஒருவர் 20 என்பார், ஒருவர் 21 என்பார். "88 வி.எஃப்." என்று ஒட்டியிருந்தால் அது வோல்ட் அல்ல, வெறும் பெயர். அதை நம்பி வாங்காதீர்கள்.

அரை இஞ்ச் முனை, பிரஷ்லெஸ் மோட்டார், பக்கத்து ஊரிலாவது சர்வீஸ், தனியாகக் கிடைக்கும் பேட்டரி. இந்த நான்கும் முக்கியம். பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

சாக்கெட் கருப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்கட்டும். உங்கள் நட்டு 19 மி.மீ.யா, 21 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். பளபளக்கும் சாதாரண சாக்கெட் இதற்கு ஆகாது. பீங்கான் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? பீங்கான் பாரத்தைத் தாங்கும், சுத்தியல் அடியைத் தாங்காது. இந்த மிஷின் உள்ளே செய்வது சுத்தியல் வேலை.

கடைசியாக, என் மகள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். கழற்றத்தான் மிஷின். போடும்போது நட்டைக் கையால் திருகுங்கள். எதிரெதிராக, ஸ்பேனரால் லேசாக இறுக்குங்கள். ஜாக்கியை இறக்கிய பின் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு முடியுங்கள். நோட்டு எண்ண மிஷின் வந்த பிறகும் கணக்குக்குக் கேஷியர்தானே பொறுப்பு? வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

வருஷத்தில் நாலு தடவை எடுக்கும் சாமான் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. என்னுடையதை யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சங்கம் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிக் காவலர் அறையில் வைத்தால் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காரை ஓட்டுகிற ஒவ்வொருவரையும், காரிலுள்ள ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் அது நம் பார்க்கிங்கிலேயே தெரியட்டும், இருட்டு ரோட்டில் வேண்டாம். பார்த்த பிறகு மறக்காமல் திரும்ப இறுக்கிவிடுங்கள்.