வட்டகொடையை மேசையில் வைக்கலாம்

வட்டகொடை ஸ்டேசனில் கோச்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தக் காட்சியைச் சிறு மாதிரியாக அட்டையிலும் மரத்தூளிலும் செய்து பார்க்க ஆசை வரும். அந்த ஆசை ஏன் பாதியில் களைக்கிறது? முழுப் பாதையையும் செய்ய நினைப்பதால்தான். உலகில் பலரும் செய்யும் 87இல் ஒரு பங்கு அளவில்கூட, கொழும்பு–பதுளை 290 கிலோமீட்டர் பாதை 3 கிலோமீட்டரைத் தாண்டும்! எந்த வீட்டில் இடம்? தலவாக்கலைக்கும் கிரேட்வெஸ்டனுக்கும் நடுவிலுள்ள நம் ஸ்டேசனை மட்டும் எடுங்கள். ஒரு மேடை, ஒரு கைகாட்டி, நாலு நிரை தேயிலை. தண்டவாளம் பதித்துக் கை சலித்தால், லயத்துக் கூரைக்குத் துருநிறம் பூசுங்கள். அதுவும் சலித்தால் கொஞ்ச நாள் மூடி வையுங்கள், குற்றமே இல்லை. எல்லாம் முடியட்டும் என்று காத்திராமல் இடையிடையே கோச்சியை ஓடவிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தெமோதரையில் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் பாதை சுற்றிப் போகிறதே, அதை அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம்.