சேரிக்குள் வந்த அச்சகம்

(இரவுப் பாடசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பசங்க எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு இருக்காங்க, படிப்பு கெட்டுப்போச்சு" என்று எனக்கு முன்னால் பேசிய பெரியவர் வருத்தப்பட்டார். வருத்தம் நியாயம்தான். ஆனால் எதைப் படிப்பு என்கிறோம்? நம்மைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைத்த காலத்திலேயே நாம் படித்துக்கொண்டுதான் இருந்தோம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். வசைச்சொல்லைத் தலைப்பாக வைக்கிற துணிச்சல் இன்றைக்கு எத்தனை பேருக்கு வரும்? 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920-இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' தொடங்கினார். பத்திரிகை நடத்த எந்தப் பள்ளிக்கூடம் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது?

அந்த அச்சகம்தான் இப்போது நம்ம பசங்க சட்டைப்பையில் கிடக்கிறது. சாதி இந்துக்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2015-இல் மகாராஷ்டிரத்தின் ஷீர்டியில், அம்பேத்கர் பாட்டு ரிங்டோனாக ஒலித்ததில் ஆரம்பித்த தகராறில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். வெறும் ரிங்டோன்தாங்க. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியபோது, ஏப்ரல் 2 அன்று வட இந்தியாவில் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய அழைப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆனா லைக் வாங்குறது திறமை இல்ல. ஊர்த்தெருவில் நம்ம பையனை அடிக்கிறதைப் படம் பிடிக்கிறீர்கள். உடனே நாலு குழுவுக்கு அனுப்புகிறீர்கள். இடம் இல்லையென்று அசலை அழித்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எப்போது எடுத்தது என்ற விவரமும் போய்விடும். அசலை அப்படியே வையுங்கள். அனுப்பினால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். எடுத்த இடம், நேரம், எடுத்தவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. எடுத்த போன் யாருடையது என்று சொல்ல ஆள் வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை மட்டும் யாருக்கும் பரப்பாதீர்கள். அது அவளுக்கு இன்னொரு அடி.

இன்னொன்று. வன்கொடுமைச் சட்டத்தின் 15A பிரிவு, வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. 2016 ஜனவரியிலிருந்து இது அமலில் இருக்கிறது. கேட்டால்தானே கிடைக்கும்? இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் நம்ம பிள்ளைகள் படித்தார்கள்?

அச்சகம் நம்முடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரன் நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்தை மூடிவிடுவான். அதனால் எழுதினதை, எடுத்த படத்தைத் தனியாகச் சேர்த்து வைக்கணும்.

கசப்பான ஒன்றும் உண்டு. பல வீட்டில் போன் ஒன்றுதான். அதுவும் அண்ணன் கையில். தங்கச்சி தொட்டால் "யார்கிட்ட பேசுற?" என்று விசாரணை. ஊர்க்காரன் நமக்குச் செய்ததை நாம் வீட்டுக்குள்ளே செய்கிறோம். பாடசாலைத் தோழர்களிடம் கேட்டிருக்கிறேன்: ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். போன் இல்லாதவர்கள் என்னுடையதில் பழகலாம். வர்ற ஞாயிறு அஞ்சு மணிக்கு நான் இங்கே இருப்பேன்.