காத்திருப்பவனைச் சோதித்தல்

1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி நிகழவிருந்த சந்திர கிரகணம் ஒன்று, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே பெரியதொரு வாதத்துக்கு இடமளித்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அக்கிரகணத்துக்கு ஒரு கணக்குக் கூறிற்று. 1823ஆம் ஆண்டில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் தலைவராயிருந்த டானியல் பூர் வேறொரு கணக்குக் கூறினார். தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரன் மறையும் அளவு ஆகிய மூன்றிலும் இரு கணக்குகளும் மாறுபட்டன. குறித்த இரவு வந்தது. பூரின் கணக்கே வானத்தோடு பொருந்திற்று.

வென்றவர் யார் என்பதைக் காட்டிலும், சோதனை நடந்த முறையே இங்குக் கவனிக்கத்தக்கது. எதிர்பார்க்கும் விடை முன்னரே கூறப்பட்டிருந்தது. அது தனித்தனி அமிசங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தீர்ப்புக் கூறியது வாதிகளுள் ஒருவரன்று, வானமே. கணினிக்கு நிரல் எழுதுவோர் தம் நிரலின் சிறு பகுதி ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இன்ன வினாவுக்கு இன்ன விடை வரவேண்டும் என்று முன்கூட்டி வரையறுத்து, வந்த விடையோடு ஒப்பிடுகின்றனர். இதனை அவர்கள் அலகுச் சோதனை என்பர். மேற்கூறிய மூன்று இலக்கணங்களும் இதற்கும் உரியன.

ஆயினும் கிரகணத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. விடை தனக்குரிய வேளையிலேதான் வரும். எவரும் அதனை விரைவுபடுத்த இயலாது. கணினியிலும் இத்தகைய வேலைகள் பல. தொலைவிலுள்ள மற்றொரு கணினியிடம் ஒரு செய்தி கேட்டால், மறுமொழி எப்போது வரும் என்பது கேட்டவன் கையில் இல்லை. ஆகவே கேள்வியை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பதும், மறுமொழி வந்ததும் அதனை எடுத்துக்கொள்வதும் ஒரு முறை. இது தபாற் கந்தோரில் கடிதத்தைச் சேர்த்துவிட்டு வயலுக்குப் போவதை ஒக்கும். மறுமொழி கைக்கு வரும்வரை கந்தோர் வாசலிலேயே நிற்பது மற்றொரு முறை. முன்னது காத்திராத முறை. பின்னது காத்திருக்கும் முறை.

உள்ளே காத்திராத முறையில் இயங்கும் நிரலைச் சுற்றி, வெளியே காத்திருக்கும் முறையில் ஓர் உறை அமைக்கும் வழக்கமும் உண்டு. பழைய நிரல்கள் உடனடி விடையையே எதிர்பார்ப்பதால் இவ்வுறை வேண்டப்படுகின்றது. இலங்கையிலேயே இதற்கு நல்லதொரு சான்று உளது. அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் மென்பொருளை உருவாக்குவதில், 2003ஆம் ஆண்டில் கொழும்பிலே தோன்றிய லங்கா சொஃப்ற்வெயர் ஃபவுண்டேசனைச் சேர்ந்தோர் பெரும் பங்கு கொண்டனர். அதன் முதற் பதிப்பு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. கேள்வி ஒரு வழியாகவும் மறுமொழி வேறொரு வழியாகவும் செல்ல அதில் இடமுண்டு. எனினும் அதனைப் பயன்படுத்துவோர், காத்திருந்தே விடை பெறும்படியும் கேட்கலாம். அவ்வாறு கேட்டால் உறை வாசலில் நின்று காத்திருக்கும். வேறு கட்டளை இல்லாதவிடத்து அதன் பொறுமைக்கு எல்லை 30 வினாடி.

இவ்வுறை அளவிற் சிறியது. ஆனால் அதன் பிழை பெரிய தீங்கை விளைக்கக்கூடியது. ஒருவர் கணினி வழியே பணம் செலுத்துகின்றார் என்று கொள்வோம். உறை மறுமொழியைத் தவறவிட்டு, "வேலை நிறைவேறவில்லை" என்று கூறிவிடுகின்றது. அவர் மீண்டும் செலுத்துகின்றார். பணம் இருமுறை கழிகின்றது. ஆதலால் இவ்வுறையைச் சோதிப்பவர் பின்வருவனவற்றை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, சோதனைக்காக உண்மையான தொலைக் கணினியை நாடலாகாது. அது ஒரு நாள் விரைவாகவும் ஒரு நாள் தாமதமாகவும் மறுமொழி தரும். சோதனையின் முடிவும் நாளுக்கொன்றாக மாறும். அதற்குப் பதிலாள் ஒருவனை நிறுத்தி, அவன் எப்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சோதிப்பவரே தம் கையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பதிலாள் சொன்ன விடையை உறை மாற்றமின்றித் தருகின்றதா என்பது முதல் வினா.

இரண்டாவது, பதிலாள் விடைக்குப் பதிலாகப் பிழையைக் கூறினால் உறை என்ன செய்கின்றது? அதனை விழுங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது பெருங்குற்றம். மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் டொற்நெற் அமைப்பில் ஒரு வகையாகக் காத்திருந்தால், மூலப்பிழை மற்றொரு பிழையினுள்ளே பொதியப்பட்டு வரும். வெளிப்பொதியை மட்டும் காண்பவர் உள்ளிருப்பதை அறியார்.

மூன்றாவது, மறுமொழி வாராவிடின் எல்லை கடந்ததும் உறை விடுபட வேண்டும். இதனை அறிய ஒவ்வொரு முறையும் 30 வினாடி காத்திருத்தல் வீண். கடிகாரத்துக்கும் ஒரு பதிலாளை அமைத்து, "முப்பது வினாடி கழிந்தது" என்று அவனைக் கொண்டே சொல்விக்கலாம். சந்திரனை விரைவுபடுத்த இயலாத மனிதன், தான் ஆக்கிய கடிகாரத்தை விரைவுபடுத்த இயலும். இவ்வாறு செய்யாது, "ஒரு வினாடி உறங்கி எழுந்து பார்ப்போம்" என்று எழுதும் சோதனைகள், வேகமான கணினியில் தேறி, களைத்த கணினியில் தவறும்.

நான்காவது, காத்திருக்கத் தொடங்குமுன்னரே மறுமொழி வந்துவிட்டால்? தபாற்காரன் மணியடித்துப் போன பின் வாசலுக்கு வந்தவன், இனி அடியாத மணிக்காக நிற்பான். மறுமொழி வந்துவிட்டதா என்று முதலிற் பார்த்து, பின்னரே நிற்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, எல்லை கடந்து பிந்தி வந்த மறுமொழி அடுத்த கேள்விக்கு விடையாகிவிடவும் கூடாது. அக்சிஸ்2இல் கேள்விக்கு ஓர் அடையாளம் இட்டு, மறுமொழியிலும் அதனைக் குறிக்கச் செய்வதன் நோக்கம் இதுவே.

ஐந்தாவது, எல்லாவற்றினும் கொடியது. மறுமொழியை உள்ளே கொண்டுவர வேண்டியவனே வாசலைப் பூட்டிக்கொண்டு காத்திருப்பானாயின், மறுமொழி என்றும் வாராது. திரையை வரையும் இழையே காத்திருக்கும் இழையாகவும் இருக்கும்போது இது நிகழும், திரை உறைந்துவிடும். பைதன் மொழியின் அசிங்க்-ஐஓ நூலகம், இயங்கிக்கொண்டிருக்கும் சுழலுக்குள் இருந்தபடியே மற்றொரு சுழலைத் தொடங்கிக் காத்திருக்க முயன்றால் பிழை கூறி மறுத்துவிடும். மறுக்காத அமைப்புக்களில் நிரல் வாளாநிற்கும். ஆகையால் சோதனைக்கும் ஒரு கால எல்லை வகுத்தல் வேண்டும். எல்லையற்ற சோதனை தேறுவதுமில்லை, தவறுவதுமில்லை. சோதிப்பவரையும் தன்னோடு நிறுத்திவிடும்.

இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. பைதனின் சாதாரணச் சோதனை வகுப்பில் காத்திராத முறையிலே ஒரு சோதனையை எழுதினால், அதன் உள்ளடக்கம் ஒரு வரியேனும் ஓடாமலே "தேறிற்று" என்று பதிவாகிவிடக்கூடும். சிறியதோர் எச்சரிக்கை மட்டும் ஓரத்தில் தோன்றும். படித்துப் பாராமலே புள்ளியிடப்பட்ட விடைத்தாள் அது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் இத்தகைய சோதனைகளுக்கெனத் தனி வகுப்பொன்று சேர்க்கப்பட்டது. எனினும் எவ்வமைப்பிலும், நிரலை வேண்டுமென்றே ஒரு முறை கெடுத்து, சோதனை தவறுகின்றதா என்று பார்த்தல் நலம். தவறத் தெரியாத சோதனையின் தேர்ச்சிக்கு மதிப்பில்லை.

இத்தனையும் கூறியபின் ஒரு வினா எஞ்சும்: சிறியதோர் உறைக்கு இத்துணைச் சோதனை ஏன்? உறையைச் சிறிதாக வைத்திருப்பதே அதற்குரிய விடை. கணக்கும் முடிவும் உள்ளிருக்கும் நிரலில் அமையட்டும். அவை அங்கேயே தனியே சோதிக்கப்படட்டும். காத்திருத்தல், கையளித்தல், எல்லை காத்தல் ஆகிய மூன்று தொழில்களே உறைக்குப் போதும். கந்தோர் வாசலில் நிற்பவனை நம்பி உள்ளே ஒருவர் தம் பணத்தையோ விண்ணப்பத்தையோ ஒப்படைத்திருக்கின்றார். மறுமொழி முந்தினாலும் பிந்தினாலும் வாராமலே போனாலும், நிகழ்ந்தது இன்னதென்று அவன் உண்மையைச் சொல்ல வேண்டும். "இன்னும் தெரியவில்லை" என்பதே உண்மையாயின், அதனையே சொல்ல வேண்டும்.