சிறு வடிவில் நமது ரயில் பெட்டி

தமிழகத்தைவிட்டு வெளியே வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழும் நம்மைப்போல் ரயில் பெட்டியோடு நெருங்கிப் பழகியவர் சிலரே. இரண்டு இரவும் ஒரு பகலும் அதனுள் உண்டு உறங்கிப் பயணம் செய்தவர்கள் நம்மில் பலர். ஆயினும் அப்பெட்டியில் ஜன்னல்கள் எத்தனை, கூரையின் மேல் இருப்பவை யாவை, தரைக்கு அடியில் தொங்குபவை எவை என்று கேட்டால் விடை சொல்லத் தயங்குவோம். அதையே சிறு வடிவில் செய்ய முற்படும்போதுதான் நமது கண் திறக்கிறது. அந்தக் கலையைப் பற்றிச் சிறிது காண்போம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. 1891இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் பொம்மை ரயில்களின் பாதை அகலங்களை ஒழுங்குபடுத்தி வகுத்தது. அதற்குப் பின் பல அளவுகள் வழக்கில் வந்தன. இன்று மிகப் பரவலாக உள்ளது, உண்மைப் பொருளை 87இல் ஒரு பங்காகக் குறைக்கும் அளவாகும். அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு இது சரியாகப் பொருந்தும். நமது அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதை 87இல் ஒரு பங்காக்கினால் 19 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக வரும். ஆகவே அந்த அளவில் செய்த இந்தியப் பெட்டியைக் கடையில் வாங்கிய தண்டவாளத்தில் வைத்தால், அகன்ற உடல் ஒடுங்கிய கால்களின்மேல் நிற்பதுபோல் தோன்றும்.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. நமது அகலப் பாதை ஐந்தரை அடி. ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஐந்தரை அடிக்கு 16.5 மில்லிமீட்டர் ஆகிறது. கடைத் தண்டவாளத்தின் அகலமும் அதுவே! இந்த மூன்று மில்லிமீட்டர் அளவை நாம் புதிதாகக் கற்பிக்கவில்லை. 1957இல் இங்கிலாந்தில் ட்ரை-ஆங் நிறுவனம் வெளியிட்ட சிறு ரயில்கள் இந்த அளவில் அமைந்தவையே. ஆனால் அவை ஓடியது அந்நாட்டுப் பாதைக்கேற்ப 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்.

இனிப் பெட்டிக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் பயணம் செய்த எஃகுப் பெட்டி, சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தது. அங்குள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரத்து நிறுவனம் ஒன்று அதற்குத் தொழில்நுட்பத் துணை புரிந்தது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் நம் நாட்டில் வந்தது 1956இல். பெட்டியோ அதற்கு முன்பே அடி, அங்குலக் கணக்கில் உருப்பெற்றுவிட்டது. அதன் உடலின் நீளம் 70 அடி. சிறு வடிவில் 210 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 3 அடி. சிறு வடிவில் 9 மில்லிமீட்டர். அகலம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் வரும். பேச்சு வழக்கில் பெட்டியையே ‘போகி’ என்கிறோம். தொழிற்சாலையில் அச்சொல், பெட்டியைத் தாங்கும் நான்கு சக்கரச் சட்டத்தையே குறிக்கும். அத்தகைய இரு போகிகளின் மையங்களுக்கு இடையே நாற்பத்தெட்டரை அடி. சிறு வடிவில் 145.5 மில்லிமீட்டர். வாய்பாடு தெரிந்த சிறுவன்கூட இக்கணக்கைப் போட்டுவிடுவான்.

இந்த அளவில் செய்பவருக்கு ஓர் இழப்பும் உண்டு. 87இல் ஒரு பங்கு அளவில் மனித உருவங்களும் போகிகளும் கட்டடங்களும் கடையில் எளிதாகக் கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பெரும்பாலானவற்றை நாமே செய்துகொள்ள வேண்டும். வசதியா, பொருத்தமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். நாம் பொருத்தத்தின் பக்கமே நிற்கிறோம்.

பக்கச் சுவர்களுக்கு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு போதும். தகட்டைப் பெட்டியின் வடிவுக்கு நறுக்கும் முன்பே ஜன்னல்களைக் கோடிட்டு வெட்டிவிட வேண்டும். நறுக்கிய பின் வெட்டினால் மெல்லிய தகடு வளைந்துவிடும். ஒவ்வொரு ஜன்னலின் நான்கு மூலைகளிலும் சிறு துளையிட்டு, இடைப்பகுதியைக் கத்தியால் பல முறை மெல்லக் கீறி எடுத்து, அரத்தால் சீர்செய்க. படுக்கை வசதிப் பெட்டியில் ஒன்பது பகுதிகள். பகுதிக்கு 8 படுக்கைகளாக மொத்தம் 72. பகுதிக்கு இரண்டு ஜன்னல்கள். ஒரு பக்கத்தை முடித்தபின் கழித்து எறிய நேராதிருக்க, முதலிலேயே எண்ணிக்கொள்வது நலம்.

வெளிநாட்டுப் பெட்டிகளுக்கும் நமது சாதாரண வகுப்புப் பெட்டிக்கும் முகச்சாயலில் உள்ள பெரிய வேறுபாடு ஜன்னல் கம்பிகளே. கடையில் வாங்கிய அயல்நாட்டுப் பெட்டியை நமதாக மாற்ற விரும்புவோர் முதலில் சேர்க்க வேண்டியதும் அவையே. இந்த அளவில் அக்கம்பி மிக மெல்லியதாக இருக்கும். மெல்லிய செப்புக் கம்பியை இழுத்து ஒட்டலாம். அல்லது கண்ணாடித் தாளில் நேர்கோடுகளாகக் கீறி, கீறலில் வண்ணம் நிரப்பலாம். ஆபத்துக்கால வழியான ஜன்னலுக்குக் கம்பி கிடையாது என்பதை மறக்கலாகாது.

கூரையை இலேசான மரத்தில் இழைத்துக்கொள்ளலாம். அதன்மேல் காற்றுப்போக்கிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். அடியில் மின்கலப் பெட்டிகளும், அச்சிலிருந்து வார் மூலம் சுழலும் மின்னாக்கியும் தொங்க வேண்டும்.

பெட்டி நன்கு ஓட எடையும் வேண்டும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இவ்வகைத் தண்டவாளத்துக்குப் பரிந்துரைக்கும் கணக்குப்படி, 210 மில்லிமீட்டர் பெட்டிக்கு ஏறத்தாழ 145 கிராம் ஆகிறது. எடையைத் தரையோடு ஒட்டி வைத்தால் பெட்டி சாயாது. வளைவுகளிலும் கவனம் தேவை. 450 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் பெட்டியின் நடுப்பகுதி தண்டவாள மையத்திலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உட்புறம் விலகும். இரட்டைப் பாதை அமைப்போர் அதற்கு இடம் விடாவிட்டால் எதிரே வரும் வண்டியோடு உரசும்.

இனி, இக்கலையின் உயிர்நிலையான செய்தி ஒன்று. உண்மைப் பெட்டி, பிறந்த நாளில் இருந்தபடியே இருப்பதில்லை. அது வாழ்நாள் முழுவதும் மாற்றப்பட்டுக்கொண்டே வந்தது. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிக்கப்பட்டது. மரப்பலகை இருக்கைகளுக்கு மெத்தை வைக்கும் திட்டம், மது தண்டவதே 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கியது. வெற்றிடத் தடை போய்க் காற்றழுத்தத் தடை வந்தபோது பெட்டி முனையில் தொங்கும் குழாய்களும் மாறின. செங்காவி நிறம், 1990களின் இறுதியிலிருந்து இருவகை நீலத்துக்கு இடம் விட்டது. வயதான சில பெட்டிகள் ஜன்னல்கள் அடைக்கப்பட்டுக் கார்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளாயின. எனவே ‘ஒரு ரயில் பெட்டி’ செய்கிறோம் என்று சொன்னால் போதாது. எந்த ஆண்டின் பெட்டி என்று சொல்ல வேண்டும். நீல நிறம் பூசி மூன்றாம் வகுப்பின் அடையாளத்தையும் எழுதினால், எக்காலத்திலும் ஓடாத பெட்டியைச் செய்தவர் ஆவோம். நமது தந்தையார் வேலை தேடி வடக்கே வந்த ஆண்டு எது என்று வீட்டில் கேட்டறிந்து அந்த ஆண்டின் பெட்டியைச் செய்வதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

இதை இப்போதே செய்யவேண்டிய காரணமும் உண்டு. பெரம்பூர்த் தொழிற்சாலை இவ்வகைப் பெட்டியைக் கட்டுவதை 2018ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஜெர்மானிய வடிவமைப்பில் அமைந்த, துருப்பிடிக்காத எஃகாலான நீண்ட பெட்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. அவை பாதுகாப்பு மிக்கவை; அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் பழைய பெட்டிகள் விலக்கப்படும்போது அவற்றோடு பல நுணுக்கங்களும் நினைவிலிருந்து மறையும். தில்லியிலிருப்போர் 1977இல் நிறுவப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தையும், புனேயிலிருப்போர் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் காட்சியகத்தையும் காணலாம். சென்னைக்குச் செல்வோர் பெரம்பூரில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தைக் காணலாம். அடுத்த பயணத்தில் நடைமேடையில் நின்றபடியே ஜன்னல்களை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். பாதையில் இறங்குதல் கூடாது.

நமது பிள்ளைகள் விரைவு வண்டிகளின் குளிர்ந்த கண்ணாடி வழியே ஊரைப் பார்ப்பார்கள். கம்பிகளுக்கிடையே காற்றும் கரியும் முகத்தில் வீச நாம் பார்த்த ஊர் எவ்வாறிருந்தது என்று அவர்கள் கேட்டால், இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பெட்டியை அவர்கள் கையில் கொடுத்துப் பேச்சைத் தொடங்கலாம்.