விலை தெரியுது, விஷயம் தெரியல

இன்னைக்கு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன எபிசோட்ல கே.சி.எஸ். பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பத்திப் பேசினேன். அதுல இருக்கிறது மலையாள எழுத்து, தெரிஞ்சவங்க படிச்சிடலாம்னு அடிச்சு விட்டேன். கேட்ட ஒருத்தர், "ஆதாரம் என்ன ப்ரோ?"ன்னு மெசேஜ் போட்டார். என்கிட்ட எதுவுமே இல்ல. எங்கேயோ ஒரு போஸ்ட்ல பார்த்தது, அவ்வளவுதான்.

தேடிப் பார்த்தா, நான் சொன்னது தப்பு. மலையாளச் சாயல் இருக்கு; ஆனா படிச்சுப் பொருள் எடுக்கிறதுக்காக எழுதினது இல்ல. ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, எழுத்து எல்லாமே அங்கே வடிவம்தான்.

சரி, எங்கே தேடுறது? கோட்ல எரர் வந்தா அதை அப்படியே கூகுள்ல போடுவோம், பதில் வந்துடும். ஓவியர் பேரைப் போட்டா ஏல விலைதான் முதல்ல வந்து நிக்குது. எத்தனை லட்சத்துக்குப் போச்சுன்னு தெரியும். ஏன் அப்படி வரைஞ்சார்னு தெரியாது.

அதனால இப்போ என் வரிசை இதுதான்.

முதல்ல, கண்காட்சி கேட்டலாக். வருஷம், அளவு, எதுல வரைஞ்சது, சில சமயம் ஓவியரோட சொந்தக் குறிப்பு, எல்லாம் அதுல இருக்கும். சென்னையில இருக்கிறவங்க கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில விசாரிக்கலாம்.

ரெண்டாவது, ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ். 2000-ல ஹாங்காங்ல தொடங்கினது. கீதா கபூர், விவான் சுந்தரம் சேகரிச்ச ஆவணங்களை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. வீட்ல இருந்தே பார்க்கலாம், காசு கிடையாது.

மூணாவது, ஜேஸ்டோர். கல்லூரி ஐடி இல்லைன்னாலும் இலவசக் கணக்குல மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம்.

நாலாவது, நம்ம ஆளுங்க மறக்கிறது: சிற்றிதழ்கள். ஆதிமூலம் மாதிரி ஓவியர்கள் அதுக்கெல்லாம் வரைஞ்சிருக்காங்க. தமிழ்ல ஓவியம் பத்தின பேச்சும் நிறைய அங்கேதான் நடந்துச்சு. பழைய இதழ்களுக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம் போங்க. என்ன தேடுறீங்கன்னு முன்னாடியே எழுதி எடுத்துட்டுப் போனா நேரம் மிச்சம்.

கடைசியா, நேர்ல பாருங்க. 1966-ல பணிக்கர் முன்னின்று உருவாக்கின சோழமண்டலம் ஈஞ்சம்பாக்கத்துலதான் இருக்கு. மொபைல் திரையில கோடா தெரியுறது, பக்கத்துல நின்னா வேற மாதிரி இருக்கும்.

பழைய எபிசோட் குறிப்புலயும் திருத்தம் போட்டாச்சு. கேள்வி கேட்ட நண்பருக்கு நன்றி. இனிமேலும் ஆதாரம் கேளுங்க மக்களே. கேட்டாதான் நானும் ஒழுங்கா தேடுவேன்.